கைகாட்டிக்கு நாலு டிகிரி குறைவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. தோள் வலி என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்களுடைய கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று அளந்து எழுதுவதும் என் வேலை. கையைத் தூக்குங்கள் என்றால் தூக்க வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களோ, போன வருடம் அலமாரியை நகர்த்திய நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்குக் கதை வேண்டாம், டிகிரி போதும் என்பேன். அதனால் எனக்குக் கோணமானி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காது நன்றாகவே வேலை செய்கிறது.

அப்படிப்பட்ட நான் உட்கார்ந்து ஒருவருடைய கதையை எழுதுகிறேன் என்றால், அவர் விஷயத்தில் நான் செய்த ஒரு தவறுதான் காரணம். அவர் போக்குவரத்துக் காவலர். எங்கள் மருத்துவமனை வாசலிலிருந்து நூறடி தள்ளியிருக்கும் நாற்சந்தியில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவர். ஊரே அவரைக் கைகாட்டி என்றுதான் சொல்லும். அவருக்கும் அது தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சந்தியில் சிக்னல் விளக்கு இருக்கிறது. அது நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். ஆகவே வண்டிக்காரர்கள் எல்லோரும் கைகாட்டியின் கையைத்தான் பார்ப்பார்கள். வலது கை மேலே போனால் நிற்க வேண்டும். இடது கை இடுப்பருகே ஆடினால் போகலாம். பஸ், லாரி, பள்ளிக்கூட வேன், ரொட்டி வண்டி, அவசரத்துக்கென்றே பிறந்த ஸ்கூட்டர்கள், எல்லாம் அந்த இரண்டு கைக்குள் அடக்கம். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டை அரை அடி தாண்டியிருந்தாலும் சந்தி நடுவிலுள்ள மேடையிலிருந்து இறங்கி வந்து பின்னால் தள்ளச் சொல்வார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருடைய மாமனாரே சைக்கிளோடு கோட்டைத் தாண்டி நின்றுவிட்டார். நம்ம மாப்பிள்ளைதானே என்று சிரித்தாராம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மாமனார் சைக்கிளைப் பின்னால் உருட்டிக்கொண்டு போனதை நான்கு சாலையும் பார்த்தது. ஆறு மாதம் கைகாட்டி மாமனார் வீட்டுப் பக்கம் போனால் உட்கார் என்று சொல்ல ஆளில்லை.

அந்த வலது தோள்தான் ஒருநாள் மக்கர் செய்யத் தொடங்கியது. முதலில் சட்டை போடும்போது சுருக்கென்றது. பிறகு அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. பிறகு கை நெஞ்சுக்கு மேல் போகமாட்டேன் என்றது. தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. சிலருக்கு, அதுவும் ஐம்பதை நெருங்கும்போது, அந்த உறை காரணம் சொல்லாமல் தடித்துச் சுருங்கி மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விட்டுவிட்டால் தானே மெல்ல இளகலாம், ஆனால் அதற்கு வருடக்கணக்கில்கூட ஆகும். கைகாட்டி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வலி என்று சொன்னால் சந்தியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். மனைவியிடம்கூட மறைத்தார். மனைவியோ தையல்காரி. இரண்டு கையையும் தூக்கிப் போடுகிற சட்டையை மனுஷன் ஒரு பக்கமாக நுழைத்துக்கொள்வதைப் பார்த்தால் அவருக்குத் தெரியாதா?

வலியை மறைக்க அவர் செய்த வேலைதான் ஊர் சிரித்த வேலை. வலது கை தூக்க வரவில்லை என்பதால் கைகளை மாற்றிக்கொண்டார். இடது கை மேலே போனால் நில், வலது கை இடுப்பருகே ஆடினால் போ. அவருக்கு அது தெளிவாகவே இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக இடது கை அசைந்தாலே கிளம்பிப் பழகிய ஓட்டுநர்கள், இடது கை மேலே போவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மூன்று நாள் எப்படியோ ஓடியது. நான்காம் நாள் காலை, பள்ளிக்கூட வேனும் ரொட்டி வண்டியும் மூக்கோடு மூக்கு இடித்தாற்போல் நின்றன. இரண்டுக்கும் நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், இன்ஸ்பெக்டரின் ஜீப். பிள்ளைகள் வேன் ஜன்னல் வழியாக இன்ஸ்பெக்டருக்கு டாட்டா காட்டின.

யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. மூன்று மாதம் நிலையத்துக்குள்ளேயே எழுத்து வேலை. அதற்குள் வலது கை நூற்றைம்பது டிகிரி உயர்கிறது என்று மருத்துவமனையிலிருந்து சான்றிதழ் கொண்டுவந்தால் சந்தி. இல்லாவிட்டால், ஓய்வு பெறும்வரை தொலைந்த பொருள் அறை. அந்த அறையை அவர் பிற்பாடு எனக்கு விவரித்தார். ஜன்னல் கிடையாது. நாற்பத்தாறு குடை, ஜோடி இல்லாத செருப்புகள், யாரும் தேடி வராத ஒரு பல்செட். இதை முதல்நாளே ஆரம்பித்தார், நான்தான் டிகிரி போதும் என்று நிறுத்திவிட்டேன். முதல்நாள் அளவு எண்பத்திரண்டு.

அவர் எங்களிடம் வந்த நேரம் நல்ல நேரமா கெட்ட நேரமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்போது எங்கள் பகுதியில் ஒரு குடும்பச் சண்டை, ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் ஓர் அம்மாள். முப்பது வருடமாகத் தோளில் ஊசி போடுகிறவர். பின்பக்கமாக நின்று, கட்டைவிரலால் எலும்பின் விளிம்பைத் தடவிப் பார்த்து, இங்கே என்று முடிவு செய்து போட்டுவிடுவார். சின்ன டாக்டர் அவருடைய மகளைக் கட்டியவர். இவர் ஸ்கேன் கருவியைத் தோளில் வைத்து, ஊசிமுனை மூட்டுக்குள் போவதைத் திரையில் பார்த்துப் போடுகிறவர். மருந்து ஒன்றுதான், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டும் மரத்துப்போக ஒரு திரவமும். ஊசியும் ஒன்றுதான். உள்ளே போகும் வழியைக் கண்டுபிடிப்பதில்தான் தகராறு. கண்ணால் பார்க்காமல் குத்துவது என்ன நியாயம் என்பார் மாப்பிள்ளை. விரல் சரியில்லாதவர்களுக்குத்தான் திரை வேண்டும் என்பார் மாமியார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்த பேச்சு, பெரிய டாக்டரின் மகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகும் அளவுக்கு முற்றியது. அந்தப் பெண்தான், ஆளுக்கு முப்பது பேருக்குப் போட்டுப் பார்த்து முடிவு கட்டுங்கள், அதுவரை இந்த மேஜையில் தோள் என்ற சொல்லே வரக்கூடாது என்று சொன்னதாகக் கேள்வி.

அப்படித்தான் அறுபது பேர் திட்டம் வந்தது. சம்மதிக்கிறவர்களுக்கு, யாருக்கு எந்த முறை என்பதை மூடிய உறைக்குள் இருக்கும் சீட்டு முடிவு செய்யும். நோயாளிக்கு அது தெரியக்கூடாது. அளக்கிற எனக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் என் கை என்னை அறியாமலேயே ஒரு பக்கம் சாயும். ஆகவே ஊசி போடும் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. நோயாளி முக்காலியில் சுவரைப் பார்த்து உட்காருவார். இரண்டு டாக்டர்களும் பின்னால் நிற்பார்கள். எல்லோருக்கும் ஸ்கேன் பசையைத் தடவுவார்கள், எல்லோருக்கும் கருவி ஓடும். விரல் முறை என்றால் திரையை மட்டும் யாரும் பார்க்க முடியாதபடி திருப்பி வைப்பார்கள். உறையைப் பிரித்து டாக்டர்களுக்குக் காட்டிவிட்டு மறுபடி ஒட்டிவைக்கும் நர்ஸ் உட்பட ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே அறையில் இருபது நிமிஷம் பேசாமல் இருந்தது அந்த அறையில் மட்டும்தான் என்று நர்ஸ் சொல்லுவாள்.

கைகாட்டி சம்மதப் படிவத்தின் நான்கு பக்கத்தையும் மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. ஊசி போட்டாயிற்று. ஒரு வாரம் கழித்துப் பயிற்சிக்கு என்னிடம் வந்தார். உட்கார்ந்ததும், போலீஸ்காரர் புத்தி எங்கே போகும், துப்புத் துலக்கிய முகத்தோடு ஆரம்பித்தார்.

“மேடம், எனக்கு ஊசி போட்டது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். பின்னாடி செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அதை வச்சு...”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் ஒரு சொல் வந்தால் அவருடைய அளவுகள் அத்தனையும் குப்பைக்கூடைக்கு. என்ன செய்வதென்று தெரியாமல் வலது கையைத் தூக்கி உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். மனுஷன் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடியே இருந்தது. நான் இடது கையை இடுப்பருகே அசைத்த பிறகுதான் மூச்சே விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுவே பாஷை ஆகிவிட்டது. அவர் வாய் அந்தப் பக்கம் போனால் என் கை மேலே போகும்.

ஊசி வலியைக் குறைத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வலி குறைந்த கை தானாக மேலே போய்விடாது, இழுத்துப் பழக்க வேண்டும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு வட்டம் சுற்றுவது, சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, கம்பைப் பிடித்து நல்ல கையால் கெட்ட கையை மேலே தள்ளுவது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. பலபேர் மூன்றாம் நாளே விட்டுவிட்டு, செய்தேன் மேடம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். கைகாட்டிக்குப் பொய் வராது. ஒருநாள் மதியம் செய்யவில்லை என்றால் உள்ளே வரும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்.

வீட்டில் தையல் அறைச் சுவரில் அவருடைய மனைவி, துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியால் தினமும் விரல் எட்டிய இடத்தைக் குறித்துவைத்தார். ஒரு தடவை வழியில் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு தையல் எந்திரம், வெட்டிய சட்டைத் துண்டுகள், சுவரில் நெஞ்சுயரத்திலிருந்து மேலே போகும் நீலக் கோடுகள். அவற்றுக்கு எதிரே போலீஸ்காரர் மூக்கைச் சுவரில் உரசிக்கொண்டு விரலால் நடந்துகொண்டிருந்தார். சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் வாசலில் நின்று, இவர் என்ன பல்லி பிடிக்கிறாரா என்று கேட்டார். மனைவி அசராமல், ஆமாம், ஒண்ணு தப்பிச்சிடுச்சு, ஒரு மாசமா தேடறார் என்றார். எனக்கு அந்த அம்மாளை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

ஆறாவது வாரம் நூற்றுப் பதினெட்டு. ஒன்பதாவது வாரம் நூற்று முப்பத்தைந்து. ஒவ்வொரு தடவையும் நூற்றைம்பதுக்கு இன்னும் எவ்வளவு என்று கேட்பார். நானும் கழித்துச் சொல்வேன். என் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான், வலிக்கிற தோளின் அளவு. அந்தக் கட்டத்தை அறுபது பேருக்கும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பி வந்ததில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாவது வாரம். கடைசி அளவு. மறுநாள் சான்றிதழ் நிலையத்துக்குப் போக வேண்டும். மனைவியும் கூட வந்திருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்ததில் அதைக் கழற்ற மறந்துவிட்டார். கைகாட்டி சலவை மடிப்புக் கலையாத சீருடையில் வந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

முதல் முறை தூக்கினார். நூற்று நாற்பத்தாறு. இரண்டாம் முறை முதுகு சுவரைவிட்டு லேசாக வளைந்தது. பிடித்து ஒட்டவைத்தேன், நூற்று நாற்பத்தாறு. மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். முகம் சிவந்தது, கை நடுங்கியது. கோணமானியின் முள் அதே இடத்தில் நின்றது.

பன்னிரண்டு வாரம் அந்த மனிதர் ஒரு நாள் தவறாமல் சுவர் ஏறியிருக்கிறார். எண்பத்திரண்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது லேசுப்பட்ட விஷயம் இல்லை. வலியே இல்லை என்கிறார். நாலு டிகிரி என்பது முள்ளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் வந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசு சாய்ந்தது. பேனாவை நூற்று என்பதோடு நிறுத்தி வைத்திருந்தேன். பேனா நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

“மேடம், வந்ததை எழுதுங்க. எனக்காக முள்ளைத் தள்ளாதீங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சியோட கோட்டைத் தாண்டுனவனை நிறுத்துறது?”

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் கடுமையாகிவிடும். சுருக்கென்று சொன்னேன்.

“தெரியும் சார். நாலு டிகிரின்னாலும் குறைவு குறைவுதான்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். தொப்பியை எடுத்துத் துடைத்தார். அந்தப் பல்செட்டுக்குச் சொந்தக்காரர் யாரென்று நானாவது கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அவருடைய மனைவி, இவ்வளவு நேரம் மூலை நாற்காலியில் பேசாமல் இருந்தவர், சாதாரணமாகக் கேட்டார்.

“அந்தக் கை எவ்வளவுங்க?”

எந்தக் கை என்றேன்.

“இடது கை. அதை அளக்கவே இல்லையே நீங்க. இவருக்கு இருபத்தோரு வருஷமா நான்தான் சட்டை தைக்கிறேன். இவரு கை என்னைக்கும் காதை ஒட்டினதில்லை. ரெண்டு கையும்தான். மேல்தட்டு டப்பாவை எடுக்கச் சொன்னா ஸ்டூல் போட்டுத்தான் எடுப்பாரு. ஒரு கையை மட்டும் அளந்து சட்டை தைச்சா அதை யாருங்க போடுவாங்க?”

என் காது சூடாகிவிட்டது. எங்கள் படிப்பில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. வலிக்கிற பக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் வலிக்காத பக்கத்தை அளந்துகொள். அந்த ஆளுக்கு எவ்வளவு என்பதை அவனுடைய நல்ல கைதான் சொல்லும். இரண்டு டாக்டர்களும் இரண்டு ஊசியை ஒப்பிடும் மும்முரத்தில் படிவத்தில் அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டார்கள். நானும் கட்டம் இல்லை என்றால் அளவு இல்லை என்று பன்னிரண்டு வாரம் குருட்டுத்தனமாக ஓட்டியிருக்கிறேன். இரண்டு ஊசியை ஒப்பிட அத்தனை உறை, அத்தனை ரகசியம். ஒரு மனிதனின் இரண்டு கையை ஒப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு தையல்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இடது கையைத் தூக்கச் சொன்னேன். ஒரு நாளும் வலித்திராத அந்தக் கை நூற்று நாற்பத்தேழு.

மறுபடி அளந்தேன். நூற்று நாற்பத்தேழுதான். அதாவது வலது கை சொந்தமாகப் போகக்கூடிய இடம்வரை கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்துவிட்டது. நூற்றைம்பது இந்த மனிதருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அந்த நூற்றைம்பது இல்லாமலேயே இருபத்திரண்டு வருடம் நான்கு சாலையை நிறுத்தி வைத்திருக்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், எழுந்து நின்றே கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்து, முதல்நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா என்றார். முதல்நாள் நீங்க என்னைக் கூட்டிக்கிட்டா வந்தீங்க என்றார் அந்த அம்மாள்.

சான்றிதழைத் தபாலில் விட எனக்கு மனமில்லை. வலது நூற்று நாற்பத்தாறு, நோயில்லாத இடது நூற்று நாற்பத்தேழு என்று எழுதி, கீழே என் தவறையும் இரண்டு வரியில் ஒப்புக்கொண்டு, மறுநாள் நானே கொண்டுபோனேன். நம் கைகாட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். உத்தரவில் நூற்றைம்பது என்று இருக்கிறதே என்றார். இருக்கிறது, அதை எழுதியவர் யாருடைய கையை அளந்து எழுதினார் என்று கேட்டேன். கோபக்காரி என்று சொன்னேன் இல்லையா. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சுவரில் முதுகை ஒட்டி நின்று, தம்முடைய வலது கையைத் தூக்கினார்.

அவருடையது எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். அளக்கப்பட்டவர்களின் ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழில் தர்மம். அவர் கையை இறக்கிவிட்டு, பேனாவை எடுத்து, திங்கட்கிழமை முதல் சந்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் சொல்லலாம்.

ஊசிக் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்து உறைகளைப் பிரித்தோம். அதற்குள் அறுபது பேரையும் திரும்பக் கூப்பிட்டு நான் நல்ல கையையும் அளந்து முடித்திருந்தேன், அது வேறு கூத்து. விரல் முறை முப்பது பேரும் திரை முறை முப்பது பேரும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய சமமாகவே தேறியிருந்தார்கள். அறுபது பேரை வைத்து உலகத்துக்கு எதுவும் சொல்லிவிட முடியாது என்று கீழே எழுதினோம். பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு, பார்த்தீங்களா மாப்பிள்ளை, திரை இல்லாமலே இவ்வளவு என்றார். இல்லை அத்தை, இன்னும் அறுநூறு பேருக்குப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அவர். மகள் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போயிருப்பாள்.

கைகாட்டியின் உறையையும் பிரித்தோம். அவரைக் கூப்பிட்டு, இப்போது உங்கள் துப்பைச் சொல்லலாம் என்று இடது கையை அசைத்தேன். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். புதுச் செருப்பின் கிறீச் சத்தம், ஆகவே இளவயதுக்காரர், ஆகவே சின்ன டாக்டர், ஆகவே திரை முறை. உறையில் விரல் முறை என்று இருந்தது. அந்த வாரம் புதுச் செருப்பு வாங்கியிருந்தவர் பெரிய டாக்டர்.

இதற்கெல்லாம் முன்பே, அவர் சந்திக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தேன். சந்திக்கு இருபதடி இருக்கும்போது அவருடைய வலது கை மேலே போனது. பழக்க தோஷம், பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்னால் என் கண் கோணத்தை அளந்தது. நூற்று நாற்பத்தாறு, ஒரு டிகிரி கூடவும் இல்லை குறையவும் இல்லை. நடுக்கமில்லாமல், வலிக்கிற சாயலே இல்லாமல், பஸ்ஸையும் லாரியையும் பிடித்து நிறுத்திக்கொண்டு அந்தக் கை அங்கேயே நின்றது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் பிரேக்கை ஒரு நொடி தாமதமாகப் பிடித்துவிட்டேன்.

அவர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பின்னாடி தள்ளுங்க மேடம். அரை அடின்னாலும் தாண்டுனது தாண்டுனதுதான்.”

நான்கு சாலையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, சிரிப்பை அடக்க முடியாமல், வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் அதை உருட்டிக்கொண்டு போனேன். அவர் மேடையில் ஏறி, சக்கரம் கோட்டுக்குப் பின்னால் போய்விட்டதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, இடது கையை இடுப்பருகே அசைத்தார்.